பூட்டனைப் பிடித்த புலி

1

ஒவ்வொரு ஆண்டும் அப்பாவின் திவசத்தன்று, சமையல் முடிந்து ஐயர் வந்து சேருவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், அலுமாரியைத் திறந்து அவருடைய கல்வெட்டுகளை எடுத்துப் பார்ப்பேன். கல்வெட்டுகள் என்றுதான் சொல்ல வேண்டும், இரண்டு இருக்கின்றன. ஒரே மனிதருக்கு இரண்டு கல்வெட்டு அச்சடித்த குடும்பம் லண்டனில் வேறு இருக்குமோ தெரியாது. முதலாவது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தது. இரண்டாவது ஒரு வருடம் கழித்து, ஆண்டுத் திவசத்துக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தவற்றைத்தான் எழுதப்போகிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கல்வெட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒரு சின்னப் புத்தகம், அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், பிரிவுத்துயர் சொல்லும் வெண்பா, கடைசியில் வம்சாவழி. லண்டனுக்கு வந்து எத்தனையோ பழக்கங்களைக் கைவிட்டோம், இதை மட்டும் விடவில்லை. பிளேஸ்டோவில் எங்கள் ஆள் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். வம்சாவழியைத் தவிர மற்றதெல்லாம் அவரிடமே தயாராக இருக்கும்.

அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நோர்பரியில் எங்கள் வீட்டில் இருந்தபோதுதான் காலமானார். வம்சாவழி எழுதும் வேலையை அண்ணை என்னிடம் தந்தார். அண்ணை ஹரோவில் இருக்கும் கணக்காளர். எதையும் முன்னர் இருந்தபடியே வைத்திருக்க விரும்புகிறவர். அப்பப்பாவின் கல்வெட்டைப் பார்த்து அப்படியே எழுது, புதிதாக ஒன்றும் சேர்க்காதே என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். அப்பப்பாவின் தகப்பன், அதாவது எங்கள் பூட்டன் வைத்திலிங்கம், 'மலாயா நாட்டில் முதன்முதல் ரெயில் பாதை போட்ட காலத்தில் அங்கு சென்ற முன்னோடியும், அங்கேயே புலிவாய்ப்பட்டு இறந்தவரும்' என்று அதில் இருந்தது. பூட்டிக்குப் பெயர் இல்லை. 'அவர்தம் பாரியார்' என்பதோடு சரி.

புலிக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாடம். அளவெட்டியிலிருந்து கப்பலேறிய பூட்டன் தைப்பிங்கில் ரெயில்வே கிளாக்கராகச் சேர்ந்தார். ஒரு நாள் பாதை வேலை நடக்கும் இடத்துக்குக் காட்டுவழியாகப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குத் தலைப்பாகை மட்டும்தான் கிடைத்தது. அப்பா என் மகள் அபிக்கு அந்தக் கதையை மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லுவார். சில நேரம் தலைப்பாகைக்குப் பதிலாகக் குடை கிடைக்கும். அவளுக்குத் தமிழில் முழுதாக விளங்கிய கதை அது ஒன்றுதான்.

அந்தியேட்டியன்று ஐயர் அண்ணையிடம் மூன்று தலைமுறையின் பெயர்களைக் கேட்டார். ஆண்களின் பெயர்கள் தடையில்லாமல் வந்தன. பூட்டியின் பெயரைக் கேட்டபோது அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அப்பாவின் தமக்கை, விம்பிள்டனில் மகனோடு இருந்த எங்கள் மாமி. அவவுக்கு அன்றைக்குச் சுகமில்லை. ஐயர் அலட்டிக்கொள்ளவில்லை. தெரியாவிட்டால் கங்கை என்று சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பூட்டனுக்குப் பெயர் இருந்தது, திதி இல்லை. பூட்டிக்கு இரண்டும் இல்லை. அது என் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

2

நான் அப்போது குரொய்டனில் கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் வேலை செய்தேன். எங்கள் ஆட்களின் கோப்பு எது வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது, ஒரே வீட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் ஏன் வெவ்வேறு குடும்பப் பெயர் என்று மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். என்னுடைய பெயரையே அந்தக் கட்டடத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் எங்கள் பெயரை எப்படியெல்லாம் முறித்துப்போடுவான் என்பதில் எனக்கு நல்ல பயிற்சி கிடைத்திருந்தது. அது பிறகு உதவியது.

ஊரில் யுத்தம், விசாரிக்க அப்போது வழியில்லை. கடிதம் போய்ச்சேருமா என்பதே சந்தேகம், போனாலும் யாரிடம் போகும்? ஆனால் மலாயாவை ஆண்டவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்து, எழுதியதை எல்லாம் லண்டனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கியூ என்ற இடத்தில் பழைய அரசாங்கப் பதிவுகளுக்கென்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. லீவு கிடைத்த நாட்களில் கிளாபம் ஜங்ஷனில் மாறி, ரிச்மண்டில் இறங்கி, பஸ் பிடித்து அங்கே போகத் தொடங்கினேன். பேனை கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். புத்தகம் வந்துவிட்டது என்று சொல்ல இடுப்பில் செருகிக்கொள்ளும் ஒரு கருவி தருவார்கள். அது கீச்சிடும்போது வேலைத்தளத்தில் நெருப்பு மணி அடித்ததுபோல நான் எழும்பி ஓடுவேன்.

முதல் நாள் விசாரணை மேசையில் இருந்த பெண் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டா. என் பூட்டனை, இலங்கைத் தமிழர், புலியால் கொல்லப்பட்டவர் என்று சொன்னேன். அவவின் முகம் மாறிவிட்டது. குரலைத் தணித்து, மிகவும் வருந்துகிறேன், இது அண்மையில் நடந்ததா என்று கேட்டா. அவ நினைப்பது எந்தப் புலி என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. இல்லை, இது வரிகள் உள்ள புலி, நூறு வருடத்துக்கு முந்தியது என்றேன். அதற்குப் பிறகு நான் போகும் நாளெல்லாம் அந்தப் பெண் என்னைக் கண்டு சிரிப்பா.

தைப்பிங் இருக்கும் பேராக் மாநிலத்தின் அரசாங்க உத்தியோகத்தர் பெயர்கள் வருடத்துக்கொரு புத்தகமாக அச்சாகியிருந்தன. ரெயில்வேப் பகுதியில் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றாவது ஒழுங்காக எழுதப்படவில்லை. வைத்திலிங்கம் ஒரு வருடம் V-யில் இருந்தார், அடுத்த வருடம் W-வுக்குப் போயிருந்தார். தைப்பிங், கிளாக்கர். அந்த வரியில் விரலை வைத்தபடி சிறிது நேரம் இருந்துவிட்டேன். புலிக் கதையில் மட்டும் இருந்த மனிதர் அச்செழுத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பப்பாவுக்கு ஐந்து வயதில் தகப்பன் தவறினார் என்று அவருடைய கல்வெட்டு சொன்னது. அந்த வருடத்தைக் கணக்குப் பார்த்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். வைத்திலிங்கம் இருந்தார். பிந்தி அச்சாகியிருக்கும் என்று நினைத்து அடுத்த வருடத்தை எடுத்தேன். அதிலும் இருந்தார். அதற்கடுத்ததிலும். பிறகு சம்பளம் கூடி, வேறு ஊருக்கு மாற்றலாகி, ஸ்டேஷன் மாஸ்டராகி, திரும்பவும் தைப்பிங்குக்கு வந்து, முறையாக ஓய்வும் பெற்றிருந்தார்.

வாசிப்பு மண்டபத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். திரும்பி வரும் ரெயிலில் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஒரு பெண் வெள்ளைச் சேலையோடு இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

என் கணவர் சிவம், வைத்திலிங்கம் என்று பத்துப் பேர் இருந்திருப்பார்கள் என்றார். அதுவும் சரிதான்.

3

அடுத்த வெள்ளி விம்பிள்டன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மாமியிடம் போனேன். மாமிக்கு எண்பது தாண்டியிருந்தது. காது மட்டும் சற்று மந்தம், மற்றப்படி கதை எல்லாம் தெளிவு. பூட்டியின் பெயரைக் கேட்டவுடனே, "வள்ளிப்பிள்ளை. என்ர ஆச்சி" என்றா. அவவுக்கு முப்பது வயதாகும்வரை அந்த ஆச்சி உயிரோடு இருந்திருக்கிறா.

கியூவில் கண்டதைச் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டே ரீ குடித்தா. ஆச்சி எப்போதாவது இதைப்பற்றிக் கதைத்தவவா என்று கேட்டேன்.

"புலிதான் பிள்ளை," என்றா மாமி. "புலி எண்டுதான் ஊருக்குத் தெரியும்."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஊருக்குத் தெரிந்தது என்று அவ சொன்னதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அண்ணைக்கு ரெலிபோனில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, களைத்துப்போனவர்போலக் கதைத்தார். அப்பா சாகும்வரை அந்தப் புலியை நம்பினவர், அவர் காலமான வருடமே அதைத் தோண்டவேண்டுமா என்று கேட்டார். பிறகு உண்மையான காரணம் வந்தது. அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பகுதி பழைய ஆட்கள், வம்சாவழியை வாசித்துவிட்டுத்தான் சாதகத்தையே கையில் எடுப்பவர்கள்.

"மனோ, இந்த நேரத்திலை வேண்டாம்," என்றார். "பேச்சு முடியட்டும்."

ஓம் என்று சொன்னேன். ஆனால் ஏற்கெனவே ஒரு கடிதம் போய்விட்டிருந்தது.

4

கடிதம் போன காரணம் ஓர் எழுத்து. முதல் சில வருடங்கள் வெறும் S. வைத்திலிங்கமாக இருந்தவர், புலி பிடித்ததாகச் சொன்ன காலத்துக்குச் சற்று முன்னால் S. J. வைத்திலிங்கம் ஆகியிருந்தார். சிவத்தோடு வேலை செய்த மன்னார்ப் பொடியன் ஒருவன் அதைக் கண்டவுடன், "அக்கா, இது ஜோசப். ஆள் ஞானஸ்நானம் எடுத்திருக்கு" என்றான். அவனுடைய சொந்த அப்பப்பாவுக்கும் அப்படித்தான் பெயருக்கு நடுவில் எழுத்து வந்ததாம். தைப்பிங்கில் இருந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு, விலாசம்கூடச் சரியாகத் தெரியாமல், பங்குச் சாமியாருக்கு என்று எழுதிப் போட்டேன்.

பதில் வரும் என்று நினைக்கவில்லை. வந்தது. சாமியார் விவாகப் பதிவேட்டின் ஒரு வரியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை ஜோசப் வைத்திலிங்கம், யாழ்ப்பாணம் அளவெட்டி சின்னத்தம்பியின் மகன், மனைவியை இழந்தவர். பெண் அந்தோனியம்மாள். எங்கள் வம்சாவழியிலும் பூட்டனின் தகப்பன் சின்னத்தம்பிதான். சிவத்தின் பத்து வைத்திலிங்கங்களும் அந்த வரியோடு ஒரு ஆளாகிவிட்டார்கள்.

மனைவியை இழந்தவர் என்ற சொற்களில்தான் என் கண் திரும்பத் திரும்பப் போய் நின்றது. அந்த மனைவி அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் அளவெட்டியில் உலாவினவ.

கடிதத்தின் அடியில் சாமியார் இன்னொன்றும் எழுதியிருந்தார். ஜோசப் வைத்திலிங்கத்தின் பேத்தி இன்னும் அந்தப் பங்கில்தான் இருக்கிறா, ஓய்வுபெற்ற ரீச்சர், கலியாணம் செய்யாதவ, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவ, பெயர் தெரேசா. உங்கள் கடிதத்தை அவவிடம் கொடுத்திருக்கிறேன்.

சில கிழமைகளில் தெரேசாவே ரெலிபோன் எடுத்தா. ரீச்சர்மார் சிலரோடு ஐரோப்பாச் சுற்றுலா வருகிறாவாம், லண்டனில் ஒரு ஞாயிறு ஓய்வு இருக்கிறதாம், வரலாமா என்று கேட்டா. எனக்கு ஒரே பதற்றம். முறைப்படி பார்த்தால் அவ அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எனக்கு மாமி. வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

5

அண்ணை வரமாட்டேன் என்றார். மாமி வந்தே தீருவேன் என்றா. மாமியை விம்பிள்டனிலிருந்து கூட்டிவர வேறு ஆள் கிடைக்காததால் அண்ணைதான் காரை எடுத்துக்கொண்டு போகவேண்டி வந்தது. இறக்கிவிட்டுப் போகப்போவதாகச் சொல்லி, கோட்டைக் கழற்றாமலே முன் அறையில் நின்றார்.

தெரேசா பூப்போட்ட கவுனும் கன்வஸ் சப்பாத்துமாக வந்தா. மெலிந்த, உயரமான மனுசி. வாசலிலேயே கையைக் கூப்பி, "வணக்கம், எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டா. இந்த வீட்டில் யாருக்குப் பசி என்று மாமி என்னைப் பார்த்துக் கேட்டா. மலேசியாவில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரேசா விளக்கினா. அபி இதைக் கேட்டுச் சிரித்தாள். அவளுக்குத் தெரேசாவை உடனே பிடித்துவிட்டது, அவ இங்கிலிஷ் கதைக்கும் ஒரு மாமி என்பதால்.

சாப்பாட்டுக்கு முன் தெரேசா கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மாமியின் மடியில் வைத்தா. கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, கையில் தடியோடு கதிரையில் இருக்கும் ஒரு கிழவர். எங்கள் வீட்டில் பூட்டனுக்குப் படம் இருந்ததில்லை. மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தா. தன் தகப்பனைப் பெற்றவரின் முகத்தை அவ காண்பது அதுதான் முதல் தடவை.

"தம்பியின்ர நெத்தி," என்றா மெல்ல. தம்பி என்றது எங்கள் அப்பாவை. எட்ட நின்ற அண்ணையும் கிட்ட வந்து பார்த்தார்.

தெரேசாவுக்கு அவர் மடியில் இருந்த நினைவு உண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டைத்தான் பத்துவாராம், யாராவது ஊரால் வந்தால் அதைத்தான் கேட்பாராம். ஊரைப்பற்றி வேறு எதுவும் கேட்டதில்லையாம். பிறகு அவ சொல்ல வந்ததைச் சொன்னா. வரும் வழி முழுக்க இதை எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பா என்று நினைக்கிறேன்.

"எங்க தாத்தாவுக்கு முதல்ல ஊர்ல ஒரு சம்சாரம் இருந்தாங்க, கொலராவுல இறந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. பிள்ளை இல்லைன்னுதான் எங்களுக்குத் தெரியும். உங்க கடிதத்தைப் பார்த்து ரெண்டு நாள் நான் சரியா தூங்கல."

மாமி நிமிர்ந்தா. "கொலரா எண்டோ சொன்னவர்?"

"ஆமா அக்கா."

"அப்ப ஆச்சி கேள்விப்பட்டது சரிதான்," என்றா மாமி.

பிறகு அவவே சொல்லத் தொடங்கினா. யாரும் கேட்கவில்லை. மலாயாவிலிருந்து லீவில் வந்த ஊர் ஆள் ஒருவர் வள்ளிப்பிள்ளையைக் கோயிலில் கண்டு பேயைக் கண்டவர்போல நின்றுவிட்டாராம். நீ கொலராவில் செத்துப்போனாய் என்று சொல்லித்தானே அங்கே உன் புருசன் இன்னொரு கலியாணம் செய்தவர் என்று சொல்லிவிட்டாராம். அவ ஒன்றும் பறையாமல் வீட்டுக்கு வந்து மகனுக்குச் சோறு கொடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறா. அந்த ஆள் திரும்பக் கப்பலேறும்வரை பொறுத்திருந்திருக்கிறா. அதற்குப் பிறகு ஒரு நாள், மலாயாவிலிருந்து செய்தி வந்தது, அவரைப் புலி கொண்டுபோய்விட்டது என்று ஊருக்குச் சொன்னா. தாலியைக் கழற்றினா. ஊர் அதிகாரியான விதானையாரே அவவின் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார்.

அண்ணை அப்போதுதான் கோட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். ஏன் அப்படிச் செய்யவேண்டும், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

மாமி அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். புருசன் உயிரோடு இருக்கும்வரை அவர் கையெழுத்து இல்லாமல் பெண்சாதி தன் சீதனக் காணியைக்கூட விற்க முடியாத காலம் அது. மகனைப் பட்டணத்தில் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். கைவிடப்பட்டவ என்றால் அழுதுகொண்டு இருக்கலாம், அவ்வளவுதான். விதவை என்றால் காணியை விற்கலாம். விற்றா. அப்பப்பா படித்து உபாத்தியாயரானார். அப்பாவும் மாமியும் படித்தார்கள். அண்ணை கணக்காளரானார்.

மாமியின் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வெளிக்கிட்ட அன்றைக்குத்தான் ஆச்சி இதையெல்லாம் அவவிடம் சொல்லியிருக்கிறா. மகனுக்கும் பேரனுக்கும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறா.

"ஆச்சி சொன்னவ," என்றா மாமி, "அவர் என்னை அங்கை கொலராவுக்குக் குடுத்தார், நான் அவரை இங்கை புலிக்குக் குடுத்தன் எண்டு. நோய் வருத்தத்திலை செத்தவர் எண்டால் ஆர் பாத்தது, எங்கை எரிச்சது எண்டு ஆக்கள் கேப்பினம். புலி எண்டால் ஒருதரும் பிணம் கேக்காயினம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். மாமியும் சிரித்தா. பிறகு அவ சிரிப்பை நிறுத்தி, ஆச்சி தன் மகனின் கலியாணத்தன்று குசினிக்குள் இருந்தவ, மணவறைப் பக்கம் வரவில்லை என்று சொன்னா. வெள்ளைச் சேலைக்கு அந்த ஊர் வைத்த விலை அது. அதை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் அவ போனவ.

தெரேசா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தா. முதல் மனைவி உயிரோடு இருக்கையில் கோயிலில் நடந்த அந்த விவாகம் விவாகமே இல்லை. மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் அவவுக்கு அதை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

"அப்ப எங்க அப்பா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா.

மாமி கையை நீட்டி அவவின் முழங்கையைப் பிடித்தா. "உங்கட அப்பா என்ர ஐயாவுக்குத் தம்பி. எனக்குச் சித்தப்பா. வேறை என்ன? வா தங்கச்சி, சாப்பிடுவம்."

6

தெரேசாவைத் தங்குமிடத்தில் கொண்டுபோய் விட்டது அண்ணைதான். காரில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை அவர் தானாகவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், முன்அறையில் இருந்து, நூறு வருடக் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். பின்னால் யாரும் வந்து சொல்லக்கூடாது, நானே சொன்னதாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். மாப்பிள்ளையின் தகப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டைக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டாராம். கலியாணம் நன்றாக நடந்தது.

இரண்டாவது கல்வெட்டு அப்படித்தான் வந்தது. புலியை என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மாமி சம்மதிக்கவில்லை, அது ஆச்சியின் சொல், கிடக்கட்டும் என்றா. பல நாள் எழுதி, வெட்டி, கடைசியில் இப்படி எழுதினேன்: 'வள்ளிப்பிள்ளை, தம் மகனைப் படிப்பிப்பதற்காகத் தம் கணவர் வைத்திலிங்கம் புலிவாய்ப்பட்டார் என ஊருக்கு அறிவித்தவர்.' அதன் கீழே வைத்திலிங்கம், தைப்பிங்கில் அவர் கைப்பிடித்த அந்தோனியம்மாள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தெரேசா வரைக்கும். அச்சகக்காரர் அதை ரெலிபோனில் இரண்டு தரம் வாசித்துக் காட்டி, அக்கா, இது சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன்.

அபிக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப நான் பட்ட பாடெல்லாம் வீணாகப் போயிருந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அரை மணித்தியாலம் எடுத்தது. முடித்துவிட்டு, இதை எழுதினது நீங்களா என்று இங்கிலிஷில் கேட்டாள். அதற்குப் பிறகும் அவள் தமிழ் படிக்கவில்லை. நானும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் போதும்போல இருக்கிறது.

ஆண்டுத் திவசத்தன்று ஐயர் பெயர்களைக் கேட்டார். அண்ணை பூட்டியின் பெயரை ஐயர் கேட்பதற்கு முன்னமே சொல்லிவிட்டார்.

7

சில வருடங்களில் மாமியும் போய்விட்டா. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகனோடு கதைத்துக்கொண்டிருந்தபடியே. நோய்ப் பாயில் கிடக்காமல் போனது அவவின் புண்ணியம்.

செய்தி அறிவிக்கும் வேலையை அண்ணை எடுத்துக்கொண்டார். எங்கள் குசினியில் இருந்து, கனடா, அவுஸ்திரேலியா, கொழும்பு என்று ஒவ்வொரு நம்பராக அழைத்தார். நான் வந்தவர்களுக்கு ரீ ஊற்றிக்கொண்டிருந்தேன். தைப்பிங்கில் தெரேசாவுக்கு இப்போது நேரம் பிந்தியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் நம்பரை அழுத்திவிட்டார்.

"மாமி, நான் லண்டனிலையிருந்து கதைக்கிறன்," என்றார். செய்தியைச் சொன்னார். அந்தப் பக்கம் அழும் சத்தம் எனக்கே கேட்டது. அவர் பொறுத்திருந்தார். பிறகு சாவுத் தீட்டைப்பற்றி மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில், ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார். "கலியாணம் முடிச்சுக் குடுத்த பொம்பிளை எண்டபடியால் பிறந்த வீட்டாக்களுக்கு மூண்டு நாள்தான் துடக்கு. உங்களுக்கும் இருக்கு. மூண்டு நாளைக்குக் கோயிலுக்குப் போகக் கூடாது."

தெரேசா ஏதோ கேட்டிருக்க வேண்டும். அண்ணை ரெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயிறாம். பூசைக்கும் போகக் கூடாதோ எண்டு கேக்கிறா."

அண்ணை சற்று யோசித்தார். "அதுவும் கோயில்தானே மாமி," என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்தபிறகு, சொன்னது பிழையோ என்று அன்று முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு தெரேசா எனக்கு எழுதியிருந்தா. நடக்கத் தெரிந்த நாள் முதல், காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர, அவ ஞாயிறுப் பூசையைத் தவறவிட்டதே இல்லையாம். அந்த ஞாயிறு வீட்டில் இருந்தாவாம், மணி அடித்தபோதும் போகவில்லையாம். என்னவோ ஏதோ என்று சாமியார் பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று, சுகமில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"சுகம்தான் ஃபாதர்," என்று சொன்னாவாம் தெரேசா. "எங்க அக்கா இறந்துட்டாங்க. எங்களுக்குத் துடக்கு."